புளி போட்டுத் தேய்த்த அன்னம்

எனக்கு ஏழு வயதில் ஒரு அன்னப்பறவை கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

கோலார் தங்கச் சுரங்கத்தில், பாலகாட் பக்கம், எந்தக் காலத்திலோ யாரோ தங்கத்துக்காகத் தோண்டிவிட்டுப் போன பழைய பள்ளங்கள் நிறைய உண்டு. மழை பெய்த மறுநாள் அங்கே சுள்ளி பொறுக்கப் போனேன். கரை சரிந்த இடத்தில் ஒரு பச்சை அலகு நீட்டிக்கொண்டிருந்தது. மண்ணைக் கிளறி எடுத்தால், என் இரண்டு கைக்குள் அடங்குகிற, களிம்பேறிய ஒரு உலோகப் பறவை. கழுத்தை வளைத்துத் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகில் சங்கிலி மாட்ட ஒரு வளையம். இறகு ஒவ்வொன்றிலும் நகத்தால் கீறியதுபோல மெல்லிய வரிகள். நான் வாத்து என்றேன். அம்மா அன்னம் என்றாள். அண்ணன் மட்டும், "கொழம்பு வெக்கிற கோழி மாதிரி கீது" என்றான். அவனுக்கு எப்போதும் பசி.

அப்பா அதற்கு முந்தின வருஷம் பாறை சரிந்து சுரங்கத்துக்குள்ளேயே போய்விட்டார். நாங்கள் இருந்த லைன் வீடு, வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது. அப்பா போன இடத்துக்கு அண்ணன் இறங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை விட வேண்டும். வைகாசி வரைக்கும் பொறுப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அண்ணனுக்கு வயது பதின்மூன்று.

அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை ஒரு ஜோடி மாடு. மாடு மட்டும் இருந்தால் குடியாத்தம் பக்கம் போய், பெரியப்பாவின் நிலத்தை பங்கு வாரத்துக்கு உழுது, மகனை வெயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மாட்டுக்குத்தான் வழியில்லை.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். புளியும் சாம்பலும் போட்டு மத்தியானம் முழுக்க அந்த அன்னத்தைத் தேய்த்தேன். பச்சை போய் மஞ்சள் வந்தது. வாசலில் வைத்தபோது பளபளத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து லைனிலிருந்து மாமா வந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. சுரங்கத்துப் பட்டறையில் உளிகளைக் காய்ச்சிக் கூராக்குகிற வேலை. அன்னத்தைப் பார்த்ததும் துண்டைப் போட்டு மூடினார். கதவைச் சாத்தினார். எங்கள் ஊரில் தங்கம் தோண்டலாம், சுமக்கலாம். வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். ஆகவே கிடைத்ததை யாரிடமும் காட்டிக் கேட்கிற வழக்கமே எங்களுக்கு இல்லை.

"பறவையா எடுத்துனு போனா எங்க கெடச்சிதுன்னு நகைக்கடைக்காரன் கேப்பான் அக்கா. உருக்கிக் கட்டியா ஆக்கிட்டா, தாலிய உருக்கினதுன்னு சொல்லிக்கலாம்" என்றார் மாமா.

அம்மாவின் கை தன்னையறியாமல் வெறும் கழுத்துக்குப் போய் இறங்கியது. "அழகா கீதேடா, அப்படியே வுட்டுடலாமா?" என்றாள்.

"அழக வெச்சி மாடு வாங்க முடியுமா?"

மறுநாள் ஆண்கள் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மாமா வேலைக்குப் போகாமல் பட்டறைத் துருத்தியோடு வந்து, சம்மட்டியால் முதலில் கழுத்தை உடைத்தார். நான் அழுதேன். உனக்குக் கம்மல் செய்து போடுகிறேன் என்றார், அழுகை நின்றுவிட்டது. அண்ணன் துருத்தி ஊதினான். அவ்வளவு உற்சாகமாக அவனை நான் பார்த்ததில்லை.

கட்டியிலிருந்து புளியங்கொட்டை அளவு வெட்டி மடியில் கட்டிக்கொண்டு மாமா கோலார் நகைக்கடைக்குப் போனார். திரும்பி வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"உரைச்சிப் பாத்துட்டு சிரிக்கிறான் அக்கா. வெண்கலமாம்."

அந்தக் கட்டி கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆயிற்று.

பத்து நாள் கழித்து, சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவின் பட்லர் லைன் லைனாக விசாரித்துக்கொண்டு வந்தார். பழைய பள்ளத்தில் துரைக்கு ஒரு வெண்கல அன்னம் கிடைத்திருக்கிறதாம், விளக்குத் தொங்கவிடுகிற அன்னம். அதற்கு ஜோடி இருந்தே தீரும் என்று துரைக்குச் சோறு இறங்கவில்லையாம்.

"பித்தளை மயில் ஒண்ணு கொடுத்துட்டு, பூதிகோட்டைக்காரன் போன மாசம் ஒரு ஜோடி மாட்டுக்கான பணத்தோட போனான். இதுக்கு அதவிட மேலயே கொடுப்பாரு. ஆனா முழுசா இருக்கணும். ஒடைஞ்சத துரை தொடமாட்டாரு" என்றார்.

"எங்க வூட்ல அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா.

பட்லர் போகும்போது அந்தக் கட்டி காலில் தட்டியது. ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். நான் தேய்க்காமல் பச்சையாகவே விட்டிருந்தால் மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். இதை நினைக்காத நாள் எனக்கு இன்றுவரை கிடையாது.

வைகாசி பிறந்தது. அண்ணன் இறங்கினான். கையில் மெழுகுவர்த்தி, தலையில் அப்பாவின் துணித் தொப்பி. எனக்கு ஒரே பெருமை. வாசல்வரை ஓடி, "அண்ணா, உள்ள இன்னொரு வாத்து இருந்தா எடுத்துனு வா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். தினமும் கத்தினேன், தினமும் தலையாட்டினான்.

மூன்றாம் மாதம் ஒருநாள், நேரமில்லாத நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. பெண்களெல்லாம் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாய்க்கு ஓடினார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், மேலே வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை இறங்கினான். பிறகு கேஜ் வெறுமையாக வந்தது. எல்லோரும் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே?

"எங்க அண்ணன் வாத்து தேடினு கீறான். அதான் இன்னும் வரல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா என் வாயைப் பொத்தி, தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். காலையில்தான் கஞ்சியைக் கொட்டியதற்கு முதுகில் அடித்திருந்தாள். இதற்கு ஏன் அடிக்கவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.