சந்தூக்கு கிடைக்குமா என்ற பயம்

அப்துல் ஹக் வசித்தது கடலூர் முதுநகரில். பிழைத்தது திருப்பாதிரிப்புலியூர் டுடோரியல் ஒன்றில், பி.ஏ. தவறியவர்களுக்கு இங்கிலாந்து சரித்திரம் நடத்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஜான் மன்னனைப் பற்றி அவரைவிட உற்சாகமாகப் பேசக்கூடியவர் அந்த ஜில்லாவில் இல்லை. போப்பாண்டவர் அனுப்பிய ஆளைப் பேராயராக ஏற்க ராஜா மறுத்ததும், தேசம் முழுக்க மாதாகோயில்களைச் சாத்தச் சொல்லி ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்ததும், பாதிரி இல்லாமல் பிணங்களைப் பள்ளத்தில் புதைத்ததும் அவர் வாயால் கேட்கவேண்டும். ராஜா அசையவில்லை என்ற இடத்தில் மேஜையைத் தட்டுவார்.

அந்த வேகமோ என்னவோ, ஜமாஅத் சொன்ன தீர்ப்பை மீறி முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். கொல்லைப்புறச் சந்து அவருக்கும் பங்காளிக்கும் பொது. ஜமாஅத் அதைப் பங்காளிக்கே கொடுத்துவிட்டிருந்தது. பள்ளிவாசலில் முடிந்த வழக்கைக் கோர்ட்டு வாசலில் அவிழ்க்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவரைத் தள்ளிவைத்ததாக அறிவித்தார்கள்.

தெருவில் சலாமுக்குப் பதில் வராததை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அத்தாவின் இருமல். படுக்கையில் கிடந்த நைனா முகம்மது இரும இரும, மகனுக்குச் சந்தூக்கின் நினைப்பு வந்தது. இறந்தவரின் மையித்தைச் சுமந்துபோகும் அந்தப் பெட்டி பள்ளிவாசலுடையது. ஊருக்கே அது ஒன்றுதான். கபர்க் குழி வெட்டுகிறவரும் ஜமாஅத்தின் ஆள். நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால்?

சைக்கிளில் திரும்பும்போது தெருமுனையில் இறங்கிக் காது கொடுப்பார். இருமல் கேட்டால் மூச்சு வரும். ஒரு நாள் கேட்கவில்லை. வாசற்படியில் கால் வைக்கத் தைரியமில்லாமல், தெரு பார்க்க அங்கேயே நின்றார். உள்ளே அத்தா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி மெகருன்னிசாதான் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ராஜா ராஜான்னு ஊருக்கே பாடம் சொல்றீங்களே, அவுரு கடைசீல என்னதான் பண்ணாராம்?"

"கிரீடத்தக் கழட்டிப் போப்போட ஆளு கையில குடுத்துட்டாரு."

"அப்ப நீங்க தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

ஜமாஅத்தின் தலைவரான முத்தவல்லி முஹம்மது யூசுப் அவருக்குத் தாய்மாமன். அதனால் கோபமும் ஒரு பங்கு ஜாஸ்தி. உட்காரச் சொல்லவில்லை. அத்தாவுக்கு ஏதாவது ஆனால் சந்தூக்கு உண்டா என்று அப்துல் ஹக் நின்றபடியே கேட்டார்.

"மச்சானுக்கு ஏன்டா இல்லாமப் போவுது? சந்தூக்கும் வரும், ஊரும் வரும். ஒன்னயத்தான தள்ளி வச்சிருக்கு."

இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண் என்று ஆகிவிட்டது. நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். மனுஷனுக்கு அது தெரியவில்லை.

"அப்ப எனக்கு, மாமா?"

யூசுப் மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"ஒனக்கென்ன இப்ப அவசரம்?"

அதுவரை அத்தாவின் மூச்சை எண்ணியவர் வீடு வரும்வரை தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே வழக்கை வாபஸ் வாங்கினார். ஜெயிக்கிற கேஸ் என்று வக்கீல் வருத்தப்பட்டார். தெருவில் சலாம் திரும்பி வந்தது. விஷயம் தெரிந்ததும் நைனா முகம்மது மட்டும், "சந்து போச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மருமகளிடம் நன்றாகவே பேசினார்.

போப்பாண்டவருக்கும் மேலே ஒரு கோர்ட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பதைப் பாடபுத்தகத்தில் போடவில்லை. அதற்கு அப்பீலும் கிடையாது.