தொண்டை கட்டிய குரல்

மகளுக்குத் தெரியாமல் என் போனில் நான் ஒளித்து வைத்திருப்பது மூன்று பழைய ஆல்பங்கள். மூன்றும் ஒரே பாடகி பாடியவை. கடைக்குப் போகிற வழியிலும், மத்தியானம் ஆள் வராத நேரத்திலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். மகள் லீவில் வந்திருந்தால் வீட்டு வாசல் வந்ததும் நிறுத்திவிடுவேன். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் பாட்டு கேட்கப் பயப்படுவது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஆல்பங்களுக்குத் தடை.

தடை போட்டது தஞ்சாவூரில் காலேஜில் படிக்கிற என் மகள். அந்தப் பாடகி இருபது வயதுகூட ஆகாத காலத்தில் ஒரு சின்ன கேசட் கம்பெனிக்குப் பாட வந்தவர். சினிமாப் பாட்டு இல்லை, தனி ஆல்பம். பேர் வந்தது. ஆனால் பாட்டெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவர் வேறு பெரிய கம்பெனிக்கு மாறிவிட்டார். மாறிய கையோடு அந்த முதல் மூன்று ஆல்பங்களையும் ஒரு பாட்டு விடாமல் திரும்பப் பாடி வெளியிட்டார். இனிமேல் பழையதைக் கேட்காதீர்கள், என்மேல் பிரியம் இருந்தால் புதியதைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மகள் என் போனை வாங்கிப் பழையதை அழித்தாள், புதியதை ஏற்றிக் கொடுத்தாள். அவள் ஹாஸ்டலுக்குப் போனதும் நான் பழையதைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன்.

புதியதைக் கேட்காமல் குறை சொல்லவில்லை. கேட்டேன். அதே மெட்டு, அதே வரிகள், வாத்தியமெல்லாம் சுத்தம். குரல்தான் வேறு. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஊருக்கே கேட்கட்டும் என்று பாடுகிறார். எனக்கு வேண்டியது அது இல்லை. பழைய ஆல்பத்தில் தொண்டை கட்டின மாதிரி ஒரு கட்டல் இருக்கும். மேலே போகும்போது குரல் லேசாக உடைந்து, காற்று மட்டும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் நான் உயிரை விட்டேன்.

அந்தக் கேசட்டை நான் வாங்கியது திருவாரூர் பஸ் ஸ்டாண்டில், சவுதிக்குக் கிளம்பிய வாரத்தில். கல்யாணம் ஆகி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அங்கே ஒரு சிமெண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் பல பேர் படுத்திருப்போம். மேல் கட்டிலில் இருந்து என் கால் பக்கம் யாருடைய லுங்கியாவது எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். நான் வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். அந்தப் பாடகி பாடுவார். எனக்கு என் மனைவி பேசுவது போல இருக்கும்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. என் மனைவியின் குரல் அப்போது அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கார்டு வாங்கி, பூத்தில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவேன். முதலில் அம்மா, பிறகு தம்பி, கடைசியில் அவள். "நல்லா இருக்கேன். சாப்புட்டீங்களா. உடம்பப் பார்த்துக்குங்க." இவ்வளவுதான். ஆனால் அதை அவள் சொல்கிற மெல்லிசான குரல் இருக்கிறதே, பாதிக் காற்றும் பாதிப் பேச்சுமாக, அதை வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளி வரைக்கும் ஓட்டிவிடுவேன். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஆசையாகப் பேசுகிறாள் என்றும் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குரல் மிகவும் அடைத்துப் போயிருந்தது. வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. சளியா என்று கேட்டேன். ம் என்றாள். சளி பிடித்தால் உன் குரல் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் கேசட்டில் இரண்டாவது பாட்டு அதே குரல்தான். அந்த வாரம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போது கூசுகிறது, ஆனால் இருந்தேன்.

ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் அவள் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு இன்னும் ஏறியது. நான் ஒரேயடியாக ஊர் திரும்பி ஸ்டேஷனரி கடை போட்டபோது அவள் முழு ஆளாக இருந்தாள். எங்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். வரப்பில் நின்று அறுப்பு மெஷின் டிரைவரோடு வாடகை பேசினால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று நெல்லை ஒதுக்கி வைத்தால், அந்த ஈரம் எந்த மூட்டையில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டச் சொல்லி நிற்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் வெளியே வேறு மாதிரி பேசுவேன். கல்யாண வீடுகளில், சொந்தக்காரர்கள் நடுவில், "அப்பல்லாம் இவ குரல் எப்படி இருக்கும் தெரியுமா, இப்ப கம்பெனி மாறிடுச்சு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தப் பாடகி கம்பெனி மாறிய செய்தி வந்ததிலிருந்து இந்த ஜோக்கை எத்தனை இடத்தில் அவிழ்த்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

சென்ற தை மாதம் மகளை லீவுக்கு அழைத்து வர நாங்கள் இருவரும் காரில் தஞ்சாவூர் போனோம். திரும்பும்போது மகள் பின் சீட்டில் இருந்தபடி காரின் ஸ்பீக்கரைத் தன் போனோடு சேர்த்துக்கொண்டாள். அந்தப் பாடகியின் பேட்டி ஒன்று புதிதாக வந்திருப்பதாகவும், நான் கேட்டே ஆக வேண்டும் என்றும் சொன்னாள். நீடாமங்கலம் வந்தபோது வழக்கம்போல ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பின்னால் இரண்டு பஸ். ரயில் வந்து, இன்ஜினைக் கழற்றி மாற்றி, அது கிளம்புவதற்குள் விடிந்துவிடும் என்று நான் எரிச்சலோடு வண்டியை ஆஃப் செய்தேன். அப்புறம் அந்தப் பேட்டி மட்டும் தெளிவாகக் கேட்டது.

முதல் ஆல்பம் பாடிய நாட்களில் தனக்குக் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் இருந்தது என்று அவர் சொன்னார். ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, தள்ளிப் போட முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். வெந்நீர் குடித்துக் குடித்துப் பாடியிருக்கிறார். எச்சில் விழுங்க முடியவில்லை. அந்தக் குரலுக்குப் பேர் வந்ததும், அடுத்த இரண்டு ஆல்பத்துக்கும் அதே மாதிரிதான் வேண்டும் என்று கேட்டு, தொண்டையைக் கட்ட வைத்துப் பாட வைத்திருக்கிறார்கள். தேன் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதைக் கேட்டால் தொண்டை வலிக்கும், அதனால்தான் திரும்பப் பாடினேன் என்றார்.

மகள் பேட்டியை நிறுத்தினாள். "அத்தா, நீங்க இத்தனை வருஷமா ரசிச்சது அவங்க தொண்டைப் புண்ண" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தோற்றுப்போன எரிச்சல் வேறு. பாடுகிறவர் உடம்புக்கு என்ன என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று வாதாடினேன். நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான் என்று ஏதோ தத்துவம் பேசினேன். மகள் விடுவதாக இல்லை. அப்போதுதான், ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை இழுத்தேன். "உங்க அம்மா குரலும் அப்ப அப்படித்தாம்மா இருக்கும். அவளுக்கு என்ன புண்ணு இருந்துச்சு? கேட்டுப் பாரு" என்றேன்.

மனைவி டிராக்டரில் இருந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் ஹால்ல இருந்துச்சுங்க" என்றாள். "மாமி கட்டில்ல உக்காந்துருப்பாங்க. எல்லாரும் இருப்பாங்க. அங்க நின்னுக்கிட்டு வேற எப்படிப் பேசுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கேட் எப்போது திறப்பான் என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரயில் போனது, கேட் திறந்தது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

மன்னார்குடி வருகிற வரைக்கும் அந்த ஹால்தான் கண்ணில் நின்றது. போன் கனெக்‌ஷன் வந்தபோது எங்கே வைப்பது என்று சவுதிக்குக் கேட்டார்கள். அம்மாவால் எழுந்து நடக்க முடியாது, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள் என்று சொன்னது நான். பிறகு செல்போன் வாங்கி அனுப்பியபோது, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள், எல்லோரும் ஒன்றாகக் கேட்கலாம் என்று சொன்னதும் நான். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகளை வேவு பார்க்க அவர் அங்கே உட்காரவில்லை. அவருடைய கட்டில், அவர் உட்கார்ந்திருந்தார். புதுப்பெண் ஒருத்தி எங்கே நின்றுகொண்டு புருஷனிடம் பேசுவாள் என்று யோசிக்க வேண்டியவன் நான். நான் அந்தக் குரல் இனிமையாக இருக்கிறது என்று பாட்டோடு சேர்த்து வைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் மகள் பக்கத்துத் தெருவில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போய்விட்டாள். நான் போனை எடுத்து அந்த மூன்று ஆல்பங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஒரு சந்தேகம் நீடாமங்கலத்திலிருந்தே நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கேட்காமல் இருந்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். முடியவில்லை.

அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்று கேட்டேன். "அன்னைக்கி ஒரு நாள் சளி புடிச்சிருக்குன்னியே."

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. கீரையை ஆய்கிற கை மட்டும் நின்றது. "நா எங்க சொன்னேன்? நீங்கதான் கேட்டீங்க. ம்னேன்" என்றாள். "சளி இல்லைங்க. அன்னைக்கிக் காலைலதான் ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க."

மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது. அம்மா அதை ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். தூரத்தில் இருக்கிற பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று மறைத்ததாகச் சொன்னார். நானும் அப்போது இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். ஆனால் அது எந்தக் கிழமை நடந்தது, அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நான் என்ன பேசினேன் என்று ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது, எதற்கு என்று தொடங்குவது எனத் தெரியவில்லை. அவளே பேசினாள்.

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிருந்தாங்க. நீங்களா கண்டுபுடிச்சுக் கேப்பீங்கன்னு நெனச்சேன். குரல் நல்லா இருக்குன்னீங்க. போன வச்சுட்டு, அந்த ஹால்லயே நின்னேன். அழுவவும் முடியல. அப்புறம் வந்து வந்து எல்லாரு முன்னாடியும் அந்தக் குரல் எங்க, அந்தக் குரல் எங்கன்னு கேக்குறீங்க. அந்தக் குரல் எங்க போச்சுன்னு உங்களுக்கு நான் எப்படிங்க சொல்றது?"

சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. இருபது வருடம் உள்ளே கிடந்தது மெதுவாகவா வரும். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. எனக்கு அது கேட்டது.

மெதுவாகப் பேசு என்று சொல்ல என் வாய் திறந்தது. அந்த நேரத்திலும். அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு. விழுங்கிவிட்டேன், சத்தம் வரவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் பேசுவதை நிறுத்திவிட்டு ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு நன்றாகப் பழக்கமான அந்த மெல்லிசான குரலில், "ஒன்னுமில்லைங்க, போங்க" என்றாள்.