பாய் விளிம்பில் தைத்த அரிசி

ஜப்பான்காரன் காலத்தில் தீவுக்குள் அரிசி கடத்தினால் தலை போகும். என் மதினி சுலைஹாவோ தீவுக்கு எதிர்க்கரையான ஜுருவில் கிடைத்த இரண்டு படி அரிசியைப் படகுப் பாயின் விளிம்புக்குள் நிரப்பித் தைத்துவிட்டாள். வீட்டில் அவள் மகள் காய்ச்சலில் கிடந்தாள், மரவள்ளிக்கிழங்கு அவள் வயிற்றில் தங்கவில்லை.

தீவுக்குத் திரும்பிய அண்ணனின் பாய்ப்படகில் நானும் இருந்தேன். காலையிலிருந்து மழை. பாய் மரத்தில் பாதி ஏறிச் சிக்கி நின்றுவிட்டது. தூரத்தில் ரோந்துப் படகு வந்தது. அண்ணன் பாயை ஏற்றக் கயிற்றில் தொங்கினார்.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிரும்! படகு மூக்கைக் காத்துக்கு நேரா திருப்புங்க" என்றாள் மதினி.

திருப்பினார், பின்கயிற்றையும் தளர்த்தினார். பாய் அசையவில்லை.

"உன் தையல் லட்சணம்லா!" என்று அவளிடம் கத்தினார்.

மதினி விளிம்பைத் தடவினாள். மழையில் அரிசி ஊறி உப்பி, விளிம்பு பாய்மர வளையங்களில் இறுகியிருந்தது. கத்தியால் விளிம்பைக் கிழித்தாள். அரிசி கடலில் கொட்டியது, பாய் சரசரவென்று ஏறியது, தப்பினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "அரிசி கொண்டாந்தியா உம்மா?" என்றது பிள்ளை.

"நாளைக்கு வரும், கண்ணு."

மூன்றாம் நாள் பிள்ளை மவுத்தாகிவிட்டது. 'தாயே அரிசியைக் கொட்டிவிட்டாள்' என்று அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பேசினார்கள். அதை நான் சாகும்வரை ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்குக் கத்தி எடுத்தவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கைகூட எழவில்லை.