டவாலியின் மூன்றாம் குரல்

போன வாரம் வங்கியில் என் டோக்கன் எண் நூற்றுப் பதினேழு. காத்திருந்த நேரத்தில் மின்விசிறிகளை எண்ணினேன். ஆறு, அதில் ஒன்று ஓடவில்லை. அதற்குள் இயந்திரம் என் எண்ணைச் சொல்லிவிட்டு நூற்றுப் பதினெட்டுக்குப் போய்விட்டது.

"மிஷின் கூப்பிட்டுச்சே தாத்தா" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ஒரு தடவைதானேம்மா கூப்பிட்டுச்சு?"

என் குறை அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிய வேண்டுமானால், கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி கோவிந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். எதையும் எண்ணும் இந்த நோய் அங்கேதான் தொற்றியது. வழக்குக் கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் திட்டு எனக்குத்தான். அந்தக் காலத்தில் கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்ட கோவிந்தன் வராந்தாவுக்கு வந்து குரல் கொடுப்பார். மூன்றாம் குரலுக்கும் ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. முதல் குரல் கேட்டதுமே டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று ஓடி ஆளைப் பிடித்து வருவது குமாஸ்தா வேலை. கோர்ட் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. ஓடினால் முந்நூறு.

பி.ஏ.வைத் தபாலில் முடித்து, சென்னைக்குப் போய் மூன்று வருடம் சட்டம் படித்து, கறுப்பு அங்கியோடு ஊர் திரும்பினேன். முதல் வழக்கு சின்னப்பொண்ணுவுடையது. கல்வராயன் மலைக்காரர், எங்கள் வக்கீலின் பழைய கட்சிக்காரர். மலையடிவாரத்தில் கணவர் விட்டுப்போன இரண்டு காணியைக் கொழுந்தன் உழ வந்துவிட்டான்; தடை கேட்டு வழக்கு.

"எனக்கு இந்தத் தம்பியே போதும். இத்தினி வருசமா வாய்தா தேதி சொன்னது இவருதானே?" என்றார் அந்த அம்மா. எங்கள் வக்கீல் சிரித்துக்கொண்டே வழக்குக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

விசாரணை நாளில் சின்னப்பொண்ணு சாட்சி சொல்ல வேண்டும். தள்ளுபடியானால் மறுநாளே கொழுந்தன் ஏர் பூட்டிவிடுவான். அவர் வரவேண்டிய வெள்ளிமலை பஸ் வரவில்லை. கோவிந்தனின் முதல் குரல் எழுந்தது.

வக்கீல் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எழுந்து நின்று, "சற்றுக் கழித்து அழைக்க வேண்டுகிறேன்" என்று சொல்வது. மூன்று வருடம் படித்தது அதற்குத்தான். ஆனால் என் காலுக்குப் பதினோரு வருடப் படிப்பு. குரல் கேட்டதும் அது ஓடிவிட்டது. கூடவே நானும்.

பாதி வழியில்தான் உறைத்தது. கோர்ட்டில் இப்போது கட்சிக்காரரும் இல்லை, வக்கீலும் இல்லை!

பஸ் அப்போதுதான் வந்து நின்றது. சின்னப்பொண்ணு தலையில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு நிதானமாக இறங்கினார்.

"டயரு பஞ்சரு தம்பி. இது உனக்குத்தான்."

"வாங்கம்மா, பேரு கூப்பிட்டாச்சு!"

பழத்தோடு அவரால் ஓட முடியாது; போட்டுவிட்டு வரவும் மாட்டார். வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். அங்கி பின்னால் பறந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தூரத்தில் இரண்டாம் குரல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கோவிந்தன் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாராம். பட்டையை அவிழ்த்துக் கட்டினாராம். தொண்டையைச் செருமினாராம். நாங்கள் கோர்ட் கேட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகுதான் மூன்றாவதைத் தொடங்கினார்.

"சின்னப்..." என்று எடுத்தவர், நாங்கள் முற்றத்தைக் கடந்து ஏழு படியும் ஏறும்வரை அந்த மூச்சை விடவில்லை. ஏழாவது படியில்தான் "...பொண்ணு!"

முன்சீப் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"வக்கீல் எங்கே?"

"நான்தாங்க ஐயா."

"அப்ப ஓடின குமாஸ்தா?"

"அதுவும் நான்தாங்க."

என் தோளைப் பார்த்தார். "இது என்ன, எக்ஸிபிட் ஏ ஒன்னா?"

எதிர்த்தரப்பு வக்கீல்கூட மேசையைத் தட்டிச் சிரித்தார். பழத்தை மூலையில் வைத்துவிட்டுச் சாட்சியை விசாரித்தேன். கேள்விகள் பத்தொன்பது, ஒன்றிலும் நாக்குக் குழறவில்லை. ஓடிய ஓட்டத்தில் பயம் வழியிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் ஆறு வாய்தாவுக்குப் பிறகு நிலம் சின்னப்பொண்ணுவுக்கே என்று தீர்ப்பானது.

பழத்தை அன்று மாலையே அறுத்தோம். நூற்று நாற்பத்திரண்டு சுளை. கோவிந்தன் தின்றது முப்பத்தொன்று.

"இன்னாய்யா, வக்கீலு ஓடலாமா? ஓடறதுக்கு ஆள் வெச்சுக்கோ" என்றார், வாயில் சுளையோடு.

"நீ ஏன்யா அப்படி இழுத்த?"

"நான் எங்க இழுத்தேன்? அந்தம்மா பேரு நீளம்."

அங்கியில் மூன்று இடத்தில் ஒட்டிய பலாப் பிசின் இன்னும் போகவில்லை. கோவிந்தன் போய்விட்டார். ஒரு வேலையாகச் சமீபத்தில் கோர்ட்டுப் பக்கம் போனேன். சுவரில் ஒரு பலகை. சிவப்பு வெளிச்சத்தில் வழக்கு எண் வருகிறது, மாறிவிடுகிறது. வராந்தாவில் யாரும் கூப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தவன் சொல்கிறேன், பெயரை ஏழு படி தூரத்துக்கு இழுக்கலாம். எண்ணை இழுக்க முடியாது.