நான்காவது குழல்

நவம்பர் பதினேழாம் நாள். விடிந்தது முதல் ஓயாத தூறல். எதிர்வீட்டு மாஸ்டர் ஒரு மரக்குழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சன்னலோரம் அமர்ந்திருந்தார். குளிர்ந்த குழலை அப்படியே ஊதினால் உள்ளே நீர் கோத்து ஒலியை அடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. "என்ன, தர்மாமீட்டர் எவ்வளவு காட்டுது?" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி கேட்டார். மாஸ்டர் குழலை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

பேண்டு வாத்தியக் குழுவில் நெடுங்காலம் டிரம்பெட் வாசித்தவர் அவர். ஊதி ஊதித் தளர்ந்த கன்னங்கள், பேசும்போதுகூட லேசாக உப்பும். சென்ற ஆண்டு வலது நுரையீரலில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தார்கள். டிரம்பெட்டை இனித் தொடவே கூடாது என்றார் மருத்துவர். அது இப்போது பழைய போர்வைக்குள் சுருண்டு அலமாரியின் மேல் கிடக்கிறது.

"அது போனாப் போகட்டும் சார். இதுக்குச் சின்னப்பிள்ளை மூச்சு போதும்" என்று ஒருநாள் குழலைக் காட்டி என்னிடம் சொன்னார். சற்றுப் பொறுத்து, "இதுவும் வராட்டி, இந்த வீட்டுல இனிமே குக்கர் ஒண்ணுதான் ஊதும்" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

குழலைச் செய்பவர் கீழ்த்தளத்துத் தச்சர். நாற்காலிக் கால்களுக்கு அறுத்ததில் மிஞ்சும் துண்டுகளைக் கடைந்து, ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கு விற்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால், மாஸ்டர் வாயால் 'சரி' என்ற சொல் வராமல் ஒன்றைக்கூட விற்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். முன்பு கொடுத்த மூன்றுக்கும் அந்தச் சொல் வரவில்லை.

மாஸ்டரின் சோதனைக்கு ஒரு முறை உண்டு. முதலில் துளைகளின் ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். பிறகு ஆறு துளைகளையும் மூடி, சூடான பாலை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதுவார். அதன்பின், பேண்டுக் குழு ஒவ்வொரு நிகழ்ச்சியையும் முடித்துவைத்த மெதுவான மெட்டு. மூன்றாம் அடியில் அது மேல் ஸ்தாயிக்கு ஏறும். அங்கே காற்றை அழுத்திச் செலுத்த வேண்டும். அந்த இடத்தில் குழலை வாயிலிருந்து எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே எதையோ தேடுவார். அதற்குள் மூச்சு வாங்கி முடிந்திருக்கும்.

அன்று, நான்காவது குழலிலும் அப்படியே தேடினார். அதைக் கொண்டுவந்த தச்சர் நின்றபடியே காத்திருந்தார்.

"கீழ் ஸ்தாயி தேன் மாதிரி இருக்கு தம்பி. மேல போறப்போதான் மக்கர் பண்ணுது."

"காத்து மோதுற விளிம்பை இன்னும் மெலிசாச் சீவித்தானே கொண்டாந்தேன், மாஸ்டர்?"

"பத்தலையே."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மனைவி வந்தார். "நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பக்கூட நீங்க இத்தனை நொட்டை சொல்லலை. இங்க குடுங்க, அப்படி என்னதான் கெட்டுப்போச்சுன்னு பார்ப்போம்" என்று குழலைப் பிடுங்கினார். கணவர் வைப்பதைப் பார்த்துப் பழகிய வாக்கில் விரல்களை வைத்து, அடுப்பை ஊதும் வேகத்தில் ஒரே ஊதாக ஊதினார்.

மேல் ஸ்தாயி கணீரென்று எழுந்தது. பிசிறில்லை, நடுக்கமில்லை.

"வந்துடுச்சு அக்கா!" என்று தச்சர் துள்ளினார். அடுத்த நொடியே மாஸ்டரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அந்த அம்மையார் குழலைக் கணவரின் மடியில் மெல்ல வைத்தார். "குருட்டாம்போக்குல ஊதினேன். இதெல்லாம் ஒரு சத்தமா? பூனை கத்தின மாதிரி இருக்கு" என்றார். தச்சரும் அவசரமாகக் குனிந்தார்: "ஆமா மாஸ்டர், விளிம்புல இன்னும் பிசிறு இருக்கு. குடுங்க, கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வரேன்."

மாஸ்டர் குழலைக் கொடுக்கவில்லை. பெருவிரலால் அதன் வாயைத் துடைத்தார். இம்முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் சீவட்டும், மாஸ்டர்?" என்று தச்சர் கேட்டார்.

"எங்கயும் சீவாத தம்பி. மொதல்ல ஒரு குழல் குடுத்தியே, அதுவே சரியாத்தான் இருந்துச்சு."