தட்டிப் பார்த்த படகு

உட்காருவதற்கு முன் பெஞ்சைத் தட்டுகிறார் ஹரிராம். வலது கை நடுவிரலை மடித்து, அதன் முட்டியால் இரண்டு தட்டு. தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் உட்காருவார். முனிச்சாலையில் அவருடைய மோட்டார் ரிப்பேர் கடைக்கு எதிரே டீ விற்கும் கண்ணுச்சாமி இதைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறார்.

“என்னண்ணே, பெஞ்சு என்ன சொல்லுது? இன்னிக்கு உக்காரலாமாமா?”

“உள்ள ஈரம் ஏறியிருக்கு. இன்னும் ஒரு மழைதான் தாங்கும்.”

சிரிக்காமல் சொல்வார். அந்தப் பெஞ்சு அதன் பிறகு எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டது.

பெஞ்சு மட்டுமல்ல. டவுன் பஸ்ஸில் ஏறினால் தகரச் சுவரைத் தட்டுவார். பீரோ வாங்கப் போனால் கடைக்காரர் கதவைத் திறந்து காட்டுவதற்குள் முதுகுப்பக்கம் போய்த் தட்டிவிடுவார். மகள் காவ்யஸ்ரீக்கு வரன் பார்க்கப் போன வீட்டில், காப்பி வருவதற்கு முன்பே கூடத்துச் சுவரைத் தட்டி, “பூச்சு உப்பியிருக்கே” என்றார். அவர் மனைவி அலர்மேல்மங்கை தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது. சௌராஷ்டிர பாஷையில் அவள் அன்று திட்டியதைத் தமிழில் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் துபாயிலிருந்து வந்தது. அங்கே ஒரு படகு கிளப்பில் பல வருஷம் வேலை பார்த்தார். பைபர் படகின் உடம்பைத் தட்டினால் அது உண்மையைச் சொல்லிவிடும். நல்ல உடம்பாக இருந்தால் ‘டிக்’ என்று கறாராகப் பேசும். உள்ளே இருக்கும் மரச்சட்டம் தண்ணீர் ஊறி அழுகியிருந்தால் ‘தொப்’பென்று ஈரத் தலையணை மாதிரி முனகும். மேலே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் அந்தச் சத்தத்தை மறைக்க முடியாது.

ஊருக்குத் திரும்பியபோது அவரைக் ‘கேப்டன்’ என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. துபாயில் அவர் படகு ஓட்டியதில்லை. படகு கழுவினார். வெள்ளைக்காரர்கள் சறுக்கி விளையாடிவிட்டுப் போன பிறகு உப்புத் தண்ணீரை அலசி, சீட்டைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, உறை போட்டு மூடினார். பெட்ரோல் போடும் மேடை வரைக்கும் படகை நகர்த்திக்கொண்டு போவது மட்டும் அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது நிமிர்ந்து நிற்பாராம். அலர்மேல்மங்கைக்கு இது தெரியும். கோபம் வந்தால், “கேப்டனுக்கு சாதம் போடவா, இல்ல கப்பல்லயே சாப்டாச்சா?” என்பாள்.

இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் பெய்த மழையில் மதுரையைச் சுற்றி எல்லாக் கண்மாயும் நிரம்பியது. பல வருஷ வறட்சிக்குப் பிறகு கண்ட தண்ணீர். ஒத்தக்கடைக்கு அப்பால் புளியங்கண்மாயை ஒட்டி பிளாட் போட்டு விற்கத் திணறிக்கொண்டிருந்த ராஜகுருவுக்கு, தண்ணீரைக் கண்டதும் யோசனை வந்தது. கண்மாய்க் கரையில் ஒரு ரிசார்ட், கண்மாய்க்குள் ஒரு படகு. காயல் பக்கம் எங்கோ பார்த்திருக்கிறார். நேரே ஹரிராம் கடைக்கு வந்து காரை நிறுத்தினார்.

“கயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பலகையில நின்னு போறாங்கள்ல, அது வேணும். ஒத்தப் பலகையில எகிறிக் குதிக்கிறாங்கள்ல, அதுவும் வேணும். அப்புறம் கயிறே இல்லாம படகு அலை மேலயே நின்னு வாரானுகளே, அதுவும். மூணுக்கும் ஒரே படகு. பழசுதான் வேணும். புதுசுக்கெல்லாம் நான் போக முடியாது கேப்டன்.”

ஹரிராம் அன்று மாலை கண்ணுச்சாமியிடம் புலம்பினார். “ஒரே சட்டியில ரசமும் வைக்கணுமாம், பிரியாணியும் கிண்டணுமாம், பணியாரமும் சுடணுமாம்.”

புலம்பலில் நியாயம் இருந்தது. கயிற்றைப் பிடித்துச் சறுக்கும் ஸ்கீயிங்குக்குப் படகின் பின்னால் தண்ணீர் சப்பையாக இருக்க வேண்டும். படகு லேசாக, வேகமாக ஓட வேண்டும். ஒற்றைப் பலகை வேக்போர்டுக்குக் குதித்தேறுகிற மாதிரி ஓர் அலைமேடு வேண்டும். அலைமேல் கயிறில்லாமல் நிற்கிற வேக்சர்ஃபுக்கோ படகு கனத்து, பின்பக்கம் தாழ்ந்து, ஓர் ஆள் ஓடுகிற வேகத்தைத் தாண்டாமல் மெதுவாகப் போக வேண்டும். பைகளில் தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றுவார்கள். மெதுவாகப் போகப் போகப் பின்னால் ஒரு சுவர் மாதிரி அலை எழும்பும். படகைத் தள்ளும் விசிறி வாலில் இல்லாமல் வயிற்றுக்கு அடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுகிறவன் கால் போய்விடும். மூன்றையும் ஓரளவு செய்கிற கலப்புப் படகுகள் உண்டு. ஓரளவுதான்.

கொச்சியில் ஒரு பழைய படகுக் கொட்டடியில் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று ஒல்லி. ஸ்கீயிங்குக்கென்றே பிறந்தது, அதன் அலை கரைக்குப் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். இன்னொன்று அந்தக் கலப்பு ஜாதி. அகன்ற இடுப்பு, தலைக்கு மேலே கயிறு கட்டும் வளைவு, தரைக்கடியில் தண்ணீர்ப் பைகள்.

ஹரிராம் கலப்புப் படகை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். கம்பளத்தைத் தூக்கிக் கட்டைவிரலால் தரையை அழுத்தினார். அடிவயிற்றில் தலையை விட்டு மோந்து பார்த்தார். எண்ணெய்க் குச்சியை உருவி, தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்தார். மணிக்கணக்கு காட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் தேய்மானத்தைத் தடவி, “மீட்டரு உண்மைதான் பேசுது” என்றார். கடைசியாக என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. “முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தா எந்தக் கழிசடையும் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகும். இது சுத்தமான வண்டி சார்.” சாவியைத் திருப்பியதும் அது எழுந்தது. அவர் முகத்தில் துபாய் வந்தது.

“கண்மாய்க்கு இது சரிப்படுமா கேப்டன்? சின்னது போதும்னா சொல்லுங்க, எனக்கும் மிச்சம்,” என்றார் ராஜகுரு.

உண்மையைச் சொல்ல அங்கே ஒரு நிமிஷம் இருந்தது. புளியங்கண்மாய் அகலம் குறைந்தது. உள்கரை முழுக்க மண், கல் பாவவில்லை. துபாயில் இந்த மாதிரிப் படகுகளைக் கரைப்பக்கமே விடமாட்டார்கள் என்பது ஹரிராமுக்குத் தெரியும். ஆனால் அவர் கை அப்போது ஸ்டியரிங்கில் இருந்தது.

“இதையே எடுத்திருவோம் சார்.”

கண்மாயில் படகு விட ஊர் சம்மதிக்க வேண்டும். ஊரில் ஹரிராமுக்குத் தெரிந்தவன் விருமாண்டி ஒருவன்தான். கண்மாயின் நீர்பாய்ச்சி. மடைச்சாவி அவன் இடுப்பில் இருக்கும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவன் வார்த்தை. அவன் தகப்பனுக்கும் அதே வேலை. பம்புசெட் ரிப்பேருக்கு முனிச்சாலை வந்து வந்து ஹரிராமோடு பழகியவன். “வாரேண்ணே” என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியவர் வெள்ளைத்துரைக்குப் படகைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. “இம்புட்டுப் பெருசா இருக்கு. வேகமா ஓட்டுனா அலை கிளம்பிக் கரையத் திங்கும். மெதுவா ஓட்டுறதுன்னா ஓட்டுங்க. வேகமா ஓட்டப்படாது. அதான் ஊர்க் கட்டு.”

எல்லாரும் தலையாட்டினார்கள். கண்மாயை அறிந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வேகம் என்றால் அலை. இந்தப் படகுக்கு அது தலைகீழ் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் ஒரே ஒருவர். விருமாண்டி அவரைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னண்ணே, மெதுவா ஓட்டுனா கரைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“மெதுவாத்தான் ஓட்டுவேன் மாப்ள,” என்றார் ஹரிராம்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. விருமாண்டி கண்மாய்க்குள் இறங்கி ஒரு கை மண்ணை அள்ளி வந்து ஊர் முன்னால் பிடித்தான். கரைக்கு ஏதாவது வந்தால் தன்னைக் கேட்கலாம் என்று அந்த மண்ணின்மேல் சத்தியம் செய்தான். அந்த ஊரில் பத்திரம், கையெழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தை மாதம் முழுவதும் ஹரிராம் உயரமாக நின்றார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி. ராஜகுருவின் விருந்தாளிகள் ஸ்கீயிங்கை ஒருநாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்; கீழே விழுந்தால் வலிக்கிறதாம். அலைமேல் நிற்பதுதான் எல்லாருக்கும் பிடித்தது. போட்டோவுக்கும் அதுதான் நன்றாக வந்தது. பைகளை நிரப்பிக்கொண்டு, கரையை ஒட்டியே, மெதுவாக, மிக மெதுவாகப் படகு போகும். கரைமேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் திருப்தியோடு பார்த்தார்கள். சொன்ன சொல் தவறாத மனுஷன்.

விருமாண்டி மட்டும் ஒருநாள் மடைப்பக்கமிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டான். தண்ணீர் கலங்கிச் செம்மண்ணாகியிருந்தது.

“அண்ணே, அலை மடையோரம் வந்து மோதிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் நடுவுலயே ஓட்டுங்க.”

“நடுவுல முள்ளுக்கட்டை கெடக்கு மாப்ள. விசிறி போயிரும்.”

“அப்ப வேகத்தை இன்னுங் கொறைங்கண்ணே.”

ஹரிராம் அவன் முகத்தைப் பார்க்காமல், “சரி மாப்ள, கொறச்சிருவோம்” என்றார். குறைத்தும்விட்டார்.

தை கடைசியில், கதிர் பால் பிடித்து நின்ற வேளையில், மடைக்குப் பக்கத்தில் கரை உள்ளுக்குள் குடைந்து சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை; பேப்பரில் போடுகிற அளவுக்குக்கூட இல்லை. தண்ணீர் ஓடை வழியாகப் போயே போய்விட்டது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்திருந்தால் நெல்லாகியிருக்கும். அந்த வருஷம் ஊர் முழுவதும் பதர் அறுத்தது. பல வருஷம் கழித்து வந்த முதல் விளைச்சல் அது.

மறுபடி கோயில் முன்னால் கூட்டம். ராஜகுரு வரவில்லை, படகை லாரியில் ஏற்றச் சொல்லி ஆளனுப்பியிருந்தார். ஹரிராம் லாரியின் மறைவில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றது விருமாண்டிக்கு மட்டும் தெரிகிற இடம்.

“அந்தாளு மெதுவாத்தானய்யா ஓட்டுனான்?” வெள்ளைத்துரை புரியாமல் கேட்டார். “நாமளும் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்? பெறகு எப்பிடிய்யா கரை போகும்?”

“ஓட்டுனவனக் கூப்பிடுங்கய்யா! அவன் வாயால கேப்போம்,” என்றது ஒரு குரல்.

விருமாண்டி லாரிப் பக்கம் பார்த்தான். ஓர் ஆள் கணக்குப் போட்டு முடிக்கிற நேரம் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று ஹரிராமுக்கு விளங்கியது. ஒரு வார்த்தை போதும். அந்தக் கூட்டம் லாரிப் பக்கம் திரும்பியிருக்கும்.

“அவரு ஊருக்குச் சொன்னபடி மெதுவாத்தான் ஓட்டுனாரு,” என்றான் விருமாண்டி. “அசலூர் மனுசன், அவருக்கென்ன நம்ம கரையப் பத்தித் தெரியும்? மண்ணள்ளுனவன் நான். என்னையக் கேளுங்க.”

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. அவனாக எழுந்தபோது நெற்றியிலும் மீசையிலும் மண். இடுப்பிலிருந்த மடைச்சாவியை அவிழ்த்து வெள்ளைத்துரை காலடியில் வைத்தான். அது இப்போது புது நீர்பாய்ச்சி மலையாண்டியிடம் இருக்கிறது.

ஹரிராம் லாரியோடு போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிறது. ராஜகுரு சமயநல்லூர் பக்கம் வேறு பிளாட் போடுகிறார். படகு கைமாறி எங்கோ மலையேரியில் ஓடுவதாகச் சொல்கிறார்கள். நன்றாகத்தான் ஓடுமாம். தேர்வில் குறை இருந்ததாக ஹரிராமிடம் யாரும் சொல்லிவிட முடியாது. “நான் தட்டிப் பாத்து எடுத்த வண்டி அது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போயிருக்காது” என்பார், யாரும் கேட்காதபோதுகூட. கேப்டன் என்று கூப்பிட்டால் மட்டும் இப்போது திரும்புவதில்லை.

விருமாண்டி ஒத்தக்கடையில் ஒரு காலேஜ் வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறான். முனிச்சாலைக்கு வருவதில்லை. யாரிடமும் எதையும் சொன்னதாகவும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் ஹரிராம் ஒருவேளை நன்றாகத் தூங்கியிருப்பார். ஹரிராமிடமிருந்தே விஷயத்தைத் தெரிந்துகொண்ட அலர்மேல்மங்கை ஒருமுறை கேட்டுவிட்டாள்: “அவன் உங்களுக்காக ஊர் முன்னாடி விழுந்தான். நீங்க அவன் வீட்டு வாசல் வரைக்குமாவது போக வேணாமா?”

போகாமல் இல்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு வேட்டியும் துண்டும் வாங்குகிறார். மேலூர் பஸ்ஸில் ஏறி, கண்மாய் தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்காருகிறார். ஊரில் இறங்கி, தெரு ஓரமாக நடந்து, விருமாண்டி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். கதவு ஒருக்களித்திருக்கும். உள்ளே டிவி ஓடும், பாத்திரம் உருளும். விருமாண்டி இருமுகிறது கேட்கும்.

இந்த வருஷமும் அப்படித்தான். வலது கை நடுவிரல் மடிந்து மேலே போனது. கதவுக்கும் முட்டிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி.

“வெளிய யாரு?” என்றது உள்ளேயிருந்து அவன் குரல்.

ஹரிராம் விரலை நிமிர்த்தினார். வேட்டிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, செருப்பைச் சத்தமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தார்.