மஞ்சள் கரு எங்கே போனது?

“நேத்து எதிர்வீட்டுக்குத் தூக்குவாளி நிறைய மஞ்சக்கரு போச்சி. எனக்கு மட்டும் அடியில ஒட்டுனாப்ல நாலு கரண்டி! நான் என்ன கண்ணு தெரியாதவளா அக்கா?”

அடுத்த வீட்டு ரோசலிதான். காலை ஏழு மணி, காம்பவுண்டு சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது. மக்ரூன் தொழிலில் ஓவன் சூட்டைத் தாங்கிவிடலாம்; மிச்சமாகும் மஞ்சள் கருவைப் பங்கு வைக்கும்போது கிளம்பும் சூட்டைத்தான் தாங்க முடியாது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இவ்வளவும் போதும். என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஓவன் வைத்து மக்ரூன் போடுகிறார். தினமும் ஒரு சட்டி மஞ்சள் கரு மிஞ்சும். அதை நாங்கள் விற்பதில்லை. விற்கக் கூடாது என்று விரதம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகிற சாமானைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? தெருக்காரர்கள் சுவர் மேல் தூக்குவாளிகளை வைத்துவிடுவார்கள். நான் ஊற்றிவிடுவேன். இத்தனை வருஷமாக இதுதான் வழக்கம்.

இந்தத் தொழிலில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. கான்வென்டில் படித்த பாவத்துக்குக் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு முழுதும் என் தலையில். கடைக்காரர்களைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, தப்பு வந்தால் மட்டும் நாம்தான் முதலாளி.

வேற பாக்கெட்

அப்படி வந்த முதல் தப்பு. உள்ளூர் விற்பனைக்கு வரியை மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்று பிரித்துப் போட வேண்டும். அடுப்பில் பால், வாசலில் கேஸ்காரன், கையில் மவுஸ். மொத்தத்தையும் வெளிமாநில விற்பனைக்கான கட்டத்தில் போட்டுவிட்டேன். ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் நோட்டீஸ் வந்தது, வரியே கட்டவில்லை என்று.

எங்கள் ஆடிட்டரிடம் ஓடினேன். எந்த நோட்டீசைக் காட்டினாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பவர் அவர். துடைத்தார். படித்தார். ரிட்டர்னில் தப்பு நேர்வது சகஜம், பயப்படாதீர்கள் என்றார். பணம் எங்கே சார் என்றேன்.

“பணம் பத்திரமா கவர்மென்ட்டுட்டதான் இருக்கு மேடம். ஆனா வேற பாக்கெட்ல இருக்கு. நீங்க இந்தப் பாக்கெட்ல புதுசா போட்டுட்டு, அந்தப் பாக்கெட்ல உள்ளதத் திருப்பிக் கேக்கணும்.”

நல்ல தெரு

அடுத்து வந்தது தணிக்கை. ஆடிட்டர் நம் பக்கத்து ஆள். தணிக்கைக்கு வருகிறவர் அரசாங்கத்து ஆள். இது புரிவதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிக் காபி கொடுத்துவிட்டார்.

வந்த அதிகாரி மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவில்லை. மக்ரூன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று வருஷத்து முட்டை பில்களை அடுக்கி வைத்துக் கூட்டினார். பிறகு நிமிர்ந்து, “வெள்ளைக்கரு மக்ரூன்ல போச்சு. மஞ்சள் கரு எங்க போச்சு?” என்று கேட்டார்.

“சும்மா கொடுத்துட்டோம் சார்.”

“யாருக்கு?”

“தெருவுக்கு.”

“எத்தனை வருஷமா?”

“கடை ஆரம்பிச்சதுலருந்து.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

“மேடம், இவ்வளவு நல்ல தெரு எங்கயும் இருக்காது.”

அந்த ஒரு வார்த்தை

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. எழுதினேன். கான்வென்டில் மதர் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ், ஒரு கமா பிசகவில்லை. பலன் இல்லை. உத்தரவு வந்துவிட்டது: மூன்று வருஷமும் மஞ்சள் கருவை விற்றிருக்கிறீர்கள், அந்த விற்பனையைக் காட்டவில்லை, எனவே வரி, வட்டி, அபராதம். கூட்டிப் பார்த்தால், இரண்டாவது ஓவன் வாங்க நாங்கள் சேர்த்து வைத்திருந்தது அப்படியே காலி. அந்த ஓவன் இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் ஆர்டர் எதையும் எடுக்க முடியாது.

ஆனால் என் வீட்டுக்காரர் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. உத்தரவில் இருந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தமிழ் கேட்டார். ‘மறைத்தார்’ என்றேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுந்து போய், எரியாத ஓவனைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்த்த பிறகு இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாசம் அவகாசம் உண்டு, தகராறில் இருக்கும் வரியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் முதலில் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். வீட்டுக்காரர் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“ஏளா, நான் களவாணி இல்லன்னு சொல்லுததுக்கும் அட்வான்ஸா?”

மதுரையில் ஒரு கேள்வி

மேல்முறையீட்டு விசாரணை மதுரையில். அதிகாரி ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். நான் பேசப் பேச முழுசாகக் கேட்டார். இப்படிக் கேட்கிற ஆளைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. சுவர், வாளி, ரோசலியின் சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். ஆடிட்டர் இரண்டு தடவை என் புடவைத் தலைப்பை இழுத்தார். ஒரு தடவை கொட்டாவி விட்டார்.

புது ஆதாரத்தை இந்தக் கட்டத்தில் லேசில் வாங்க மாட்டார்கள். இவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். மஞ்சள் கரு வாங்கினவர்களில் ஒருவராவது கையெழுத்திட்டு, காசு கொடுக்காமல் வாங்கினோம் என்று கடிதம் தர வேண்டும். அடுத்த விசாரணைக்குள் கொண்டுவரச் சொன்னார். நான் சிரித்தேன். ஒன்று என்ன மேடம், தெருவே வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“கொடுத்தது நிஜம்னா, வாங்கினவங்க இருப்பாங்கதானே?”

யாருக்கும் ஒத்துக்கொள்ளாது

கடிதத்தைத் தமிழில் எழுதி வீடு வீடாகப் போனேன். வாசலில் சிரித்த முகங்கள், வரித்துறை என்ற சொல் காதில் விழுந்ததும் சமையலறைக்குள் போய்விட்டன. ஒரு வீட்டில் வீட்டுக்காரர் ஊரில் இல்லையாம். அவர் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. இன்னொரு வீட்டில், கையெழுத்துப் போட்டால் நமக்கும் நோட்டீஸ் வருமாம் என்று வாட்ஸாப்பில் படித்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டு அண்ணாச்சியை நம்பிப் போனேன். வாரத்துக்கு நாலு நாள் அவர் வீட்டுக்குத்தான் பெரிய வாளி. கடிதத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தார், பக்கத்தில் பிடித்து வாசித்தார், மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

“மஞ்சக்கருவா? எங்க வீட்டுல யாருக்கும் ஒத்துக்கிடாதுல்லா தாயி. கொலஸ்ட்ரால்.”

ரோசலியின் கணக்கு

மிச்சம் ரோசலி ஒருத்திதான். அவள் மறுக்க வழியே இல்லை. கரண்டிக் கணக்கோடு சண்டை போட்டவள். சுவர் ஓரத்தில் நிறுத்தி வைத்துக் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“அக்கா, அத வச்சி நான் கேக் போடுதேன். ஹார்பர் ரோட்டுல காத்துக் கெடக்குற லாரிக்காரங்களுக்கு விக்கேன். நாலு வருசமா.”

அப்படியானால் தணிக்கைக்கு வந்த அதிகாரி சொன்னது முழுக்கத் தப்பில்லை! மஞ்சள் கரு விற்பனையாகித்தான் இருக்கிறது. அவர் தட்டிய கதவுதான் ஒரு வீடு தள்ளிப்போய்விட்டது.

உடனே ஆடிட்டருக்குப் போன் போட்டேன். இந்த அளவு வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பதிவே தேவையில்லை, அவர்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம் என்று அவர் ஸ்பீக்கரில் சத்தியம் செய்தார். ரோசலி கடைசி வரை கேட்டாள்.

“அது ஒங்க ஆடிட்டர் சொல்லுதாரு. ஆபீசர்லா சொல்லணும்?”

வாளி

விசாரணை அன்று விடிந்ததும் கடிதத்தைச் சுவர் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் பேனாவையும் அதன் மேல் வைத்தேன். பக்கத்தில் ரோசலியின் வாளி, வழக்கம்போல. விளிம்பு வரை ஊற்றினேன். குளித்து, புடவை மாற்றி, பைலை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் வாளியைக் காணோம். கடிதம் அங்கேயேதான் இருந்தது, கல் வைத்த இடத்தில் கல், பேனா வைத்த இடத்தில் பேனா.

வாசலில் என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நின்றார்.

நம் கணக்கை வரித்துறைக்காவது மூன்று மாசத்துக்குள் முறையிட்டுப் புரியவைக்கலாம், தெருவுக்குப் புரியவைக்க எந்தப் படிவமும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் எக்கிக் குரல் கொடுத்தேன்.

“ஏளா ரோசலி, பஸ்ஸுக்கு நேரமாச்சி. ஒரே ஒரு கையெழுத்து போட்டுத் தாயேன்.”

மிக்ஸி நின்றது.